ஒரு பல் பூண்டுக்குள் 1,624 கோடி எழுத்துகள்! - கொடைக்கானல் பூண்டியும் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரும்

தமிழ்நாட்டில் பூண்டிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரி திருவள்ளூர் பக்கம். மாதா கோயில் இருக்கும் பூண்டி தஞ்சாவூர் பக்கம். வெள்ளியங்கிரி மலையேறுபவர்கள் போய்ச் சேரும் பூண்டி கோவை பக்கம். இங்கே நாம் பார்க்கப்போவது இந்த மூன்றும் அல்ல. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலைக் கிராமங்களைத் தாண்டிப் போனால், கேரள எல்லையை ஒட்டிய கிளாவரைக்கு முன்னால் வருமே, அந்தப் பூண்டி.

பெயருக்கு ஏற்ற மாதிரி இந்த ஊர் மண்ணில் பூண்டும் விளைகிறது. படிப்படியாக வெட்டிய மலைச்சரிவு வயல்களில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸோடு பூண்டுக்கும் எப்போதும் ஓர் இடம் உண்டு. ஆண்டுக்கு இரண்டு போகம். ஒரு போகத்துக்கு நான்கு மாதத்துக்குச் சற்று மேல். அறுத்ததும் தாளோடு கட்டி, அடுப்புப் புகை படும்படி வீட்டுக்குள் தொங்கவிடுவது இங்கே பழைய வழக்கம். புகை ஏறிய பூண்டு சீக்கிரம் கெடாது. விற்பதற்கு மட்டுமல்ல, அடுத்த போகத்துக்கு விதையாக வைப்பதற்கும் இதுதான் வழி.

2019-ம் ஆண்டு இந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்பது அதன் சட்டப்படியான பெயர். பழநி பஞ்சாமிர்தம் அந்தப் பட்டியலில் ஏறியதும் அதே ஆண்டுதான். பஞ்சாமிர்தத்தின் புகழில் பூண்டுச் செய்தி கொஞ்சம் அமுங்கிப்போனது. மலைப்பூண்டுக்காக விண்ணப்ப வேலையில் முன்னால் நின்றது கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிரித்தொழில்நுட்பத் துறை. பெண்களுக்காகவே 1984-ல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது.

ஒரு ஊர்ப் பொருளுக்குப் பெயர் வாங்கித் தரும் வேலையில் உயிரித்தொழில்நுட்பத் துறைக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றும். இதில் கம்ப்யூட்டர் எங்கே வருகிறது என்பது அதைவிடச் சுவாரஸ்யமான கேள்வி.

'இது அசல் மலைப்பூண்டுதானா?'

மார்க்கெட்டில் பெரிய பல் பூண்டு எதுவாக இருந்தாலும் அதன் பெயர் மலைப்பூண்டுதான். இமாச்சலத்திலிருந்து வந்த பூண்டையும் அப்படியே சொல்லி விற்பார்கள். கேட்டால், 'இமாச்சலமும் மலைதானே?' என்பார்கள். தப்பு சொல்ல முடியாத பதில்! ஆனால், 'கொடைக்கானல்' என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் கதை மாறிவிடும். புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 1999-ம் ஆண்டு சட்டம்.

சட்டம் இருக்கிறது. நிரூபிப்பது எப்படி? கண்ணால் பார்த்தும் முகர்ந்தும் சொல்லிவிடும் அனுபவசாலிகள் மேல்மலையில் இருக்கிறார்கள். வடுகபட்டி பூண்டு மண்டியிலும் இருக்கிறார்கள். வழக்கு என்று வந்தால் மூக்கு மட்டும் சாட்சி சொல்லப் போதாது. 'டி.என்.ஏ டெஸ்ட் பண்ணிட்டா தெரிஞ்சிடப் போகுது' என்று சினிமா பார்த்த பழக்கத்தில் நாம் சொல்வோம். அங்கேதான் பூண்டு ஒரு வேடிக்கை காட்டுகிறது.

வாரம் ஒரு இதழ், 1,250 ஆண்டுகள்

எல்லா உயிர்களின் டி.என்.ஏ-வும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டது. மனிதனுக்கு அது சுமார் 310 கோடி எழுத்து. ரசத்தில் நசுக்கிப் போடும் பூண்டுக்கு எவ்வளவு இருக்கும்? சீன ஆய்வாளர்கள் 2020-ல் பூண்டின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது வந்த கணக்கு, சுமார் 1,624 கோடி எழுத்து. நம்மைவிட ஐந்து மடங்கு!

இதைப் புத்தகமாக அச்சடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு 2,500 எழுத்து, ஒரு இதழுக்கு 100 பக்கம். வாரம் தவறாமல் வெளியிட்டாலும் முடிக்க ஏறத்தாழ 1,250 ஆண்டுகள் ஆகும். ராஜராஜ சோழன் காலத்துக்கும் முன்பே முதல் இதழ் வந்திருந்தால்தான் இன்று கடைசி இதழ் கைக்கு வரும்.

நம்மைவிட பூண்டு ஐந்து மடங்கு புத்திசாலி என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த எழுத்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரியான வரிகள். புரதம் செய்யும் மரபணுக்கள் என்று கணிக்கப்பட்டவை 57,561. மீதியெல்லாம் பாட்டில் வரும் 'தன்னன்னா' மாதிரி.

இந்தத் தன்னன்னாதான் கம்ப்யூட்டரின் உயிரை வாங்குகிறது. டி.என்.ஏ-வைப் படிக்கும் இயந்திரம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே மூச்சில் படிக்காது. பரவலாகப் பயன்படும் வகை, ஒரு தடவைக்கு 150 எழுத்து அளவிலான துண்டுகளாகத்தான் படிக்கும். பிழை வராமலிருக்க ஒவ்வொரு இடத்தையும் 30 தடவை படிக்க வேண்டும் என்று வைத்தால், பூண்டுக்கு 325 கோடி துண்டுகள் குவியும். கோப்பாகச் சேமித்தால், சுருக்குவதற்கு முன், ஏறக்குறைய ஒரு டெராபைட்.

ஒரே நாளிதழின் 30 பிரதிகளைச் சுக்குநூறாகக் கிழித்து ஒரே மூட்டையில் போட்டுவிட்டு, 'பழைய இதழை ஒட்டிக் கொடு' என்று சொல்வது மாதிரியான வேலை. ஒரு துண்டின் முடிவும் இன்னொரு துண்டின் தொடக்கமும் எங்கே பொருந்துகின்றன என்று பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். அந்த நாளிதழின் பத்துப் பக்கங்களில் ஒன்பதில் ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தால், எந்தத் துண்டு எந்தப் பக்கத்துடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால்தான் நீளமான துண்டுகளைப் படிக்கும் புதிய இயந்திரங்களும், நினைவகம் அதிகமுள்ள கம்ப்யூட்டர்களும் வந்த பிறகே பூண்டின் கதை முழுதாக வெளியே வந்தது. வீட்டு லேப்டாப்பில் இதைத் திறக்கப் பார்த்தால் அது அப்படியே உறைந்துவிடும்.

நாகமலை அடிவாரத்தில் ஒரு பழைய முயற்சி

உயிரியல் ஆய்வுக்குக் கம்ப்யூட்டர் துணை என்பது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. தமிழ்நாட்டுக்கு அதில் பெருமையான பங்கு உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு 1952-ல் தலைமையேற்ற ஜி.என்.ராமச்சந்திரன், 1954-ல் தோலுக்கும் தசைநாருக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதம் மூன்று இழைகளால் பின்னப்பட்டது என்று சொன்னார். 1963-ல் அவரும் சி.ராமகிருஷ்ணனும் வி.சசிசேகரனும் சேர்ந்து, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கவே முடியாது என்று ஒரே வரைபடத்தில் காட்டினார்கள். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருப்பது அதுதான். புரதத்தின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவால் கணித்தவர்களுக்கு 2024-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தச் செயற்கை நுண்ணறிவு தரும் வடிவம் சரியா என்று பார்க்கும் சோதனைகளில் இன்றும் ராமச்சந்திரன் வரைபடம் ஒன்று.

அடுத்த கட்டம் மதுரையில். 1980-களின் பிற்பகுதியில் மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை, நாட்டின் சில இடங்களில் உயிரித் தகவல் மையங்களைத் தொடங்கியது. உயிரியலுக்கென நாடு தழுவிய தகவல் வலைப்பின்னலை முதலில் யோசித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்த முதல் வரிசையில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இடம்பிடித்தது. மரபணுப் பொறியியல் தொடர்பான தகவல்களுக்கு அதுதான் மையம். தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டும்போது பஸ் ஜன்னலிலிருந்து தெரியுமே, அந்தப் பல்கலை நகர் வளாகம்.

அன்றைய நிலைமையை இன்றைய ஸ்மார்ட்போன் தலைமுறை கற்பனை செய்வது கஷ்டம். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். அதற்கு முன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொகுத்த டி.என்.ஏ வரிசைகள் காந்த நாடாவிலும் பின்னர் சிடியிலும் வந்து சேரும். ஒரு ஆய்வாளர் தன் ஆய்வகத்தில் கண்டுபிடித்த வரிசை புதிதா பழையதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்தத் தொகுப்பு இருக்கும் மையத்தைத்தான் அணுக வேண்டும். சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாத கல்லூரிகளின் ஆய்வாளர்களுக்கு இப்படி ஒரு மையம், ஊருக்கு ஒரு நூலகம் கிடைத்த மாதிரி.

தேடித் தரும் மந்திரம்

1990-ல் 'பிளாஸ்ட்' என்ற மென்பொருள் வந்தது. உயிரியல் மாணவர்களுக்கு இது கூகுள் மாதிரி. கூகுள் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே வந்த கூகுள்! கையில் இருக்கும் எழுத்து வரிசையைக் கொடுத்தால், உலகத் தொகுப்பில் இதைப்போல எங்கெங்கே இருக்கிறது என்று வரிசைப்படுத்தித் தரும். கூடவே, இவ்வளவு ஒற்றுமை தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு எண்ணும் தரும். அந்த எண் எவ்வளவு சிறியதோ, ஆய்வாளர் முகத்தில் சிரிப்பு அவ்வளவு பெரியது.

அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்று இடங்களில் உள்ள தொகுப்புகளும் தங்களுக்குள் தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். சீனாவில் படித்த பூண்டு வரிசையைக் கொடைக்கானலில் ஒரு மாணவி இலவசமாக இறக்கிக்கொள்ள முடிவது இதனால்தான். இந்தியாவுக்கென்று ஒரு தொகுப்பு தாமதமாகத்தான் வந்தது. ஹரியானாவின் ஃபரிதாபாத்தில் 2022 நவம்பரில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. கொள்ளளவு சுமார் 4 பெட்டாபைட், அதாவது மேலே சொன்ன பூண்டு மூட்டையைப் போல 4,000 மூட்டை.

பெரிய கணக்கு போட இயந்திரமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கிய சூப்பர் கம்ப்யூட்டரின் பெயர், 'பரம் பொருள்'. பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்! அதன் வேகம் 838 டெராஃபிளாப், அதாவது ஒரு நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்.

இயந்திரங்களைப் பற்றிச் செய்தி வருகிறது. அவற்றைப் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றி வருவதே இல்லை. பல்கலைக்கழகங்களில் உயிரியல் துறைக்குக் கம்ப்யூட்டர் உதவி என்பது பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான். மென்பொருளை நிறுவுவது, யாருடைய கணக்கு எப்போது ஓட வேண்டும் என்று வரிசை போடுவது, தினமும் நகல் எடுத்து வைப்பது, மின்சாரம் போனால் யு.பி.எஸ் தாங்குமா என்று பார்ப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. 'சார், நேத்து போட்ட கணக்கு பாதியில நின்னுடுச்சு' என்று வந்து நிற்கும் மாணவிக்குப் பதில் சொல்வதும் இவர்களே. மூன்று நாள் ஓட வேண்டிய கணக்கு இரண்டாவது நாள் மின்தடையில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மலையில் மழைக்காலத்து மின்சாரம் எப்படி இருக்கும் என்று மேல்மலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவர்களில் பலர் ஆய்வுத் திட்ட நிதியில் எடுக்கப்பட்டவர்கள். நிதி முடிந்தால் ஆளும் கிளம்பிவிடுவார். இயந்திரம் மட்டும் தூசி படிந்து நிற்கும். லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கும் சர்வரைவிட, அதை ஓட்டத் தெரிந்த ஒருவரை நிரந்தரமாக வைத்திருப்பதுதான் முக்கியம். நிதி ஒதுக்கும்போது இது ஏனோ கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது.

டி.என்.ஏ சொல்லாத ரகசியம்

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். அசல் மலைப்பூண்டா என்று டி.என்.ஏ-வைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பாதி முடியும். பாதி முடியாது.

நாம் பயிரிடும் பூண்டு விதை போடாது. பல்லை ஊன்றித்தான் அடுத்த பூண்டு. அப்பா, அம்மா கலப்பு எதுவும் இல்லை. ஊன்றிய பல்லும் விளைந்த பூண்டும் எழுத்துக்கு எழுத்து கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் ரகம் வேறு என்றால் டி.என்.ஏ காட்டிக்கொடுக்கும். அதற்கு 1,624 கோடி எழுத்தையும் படிக்கத் தேவையில்லை. ரகத்துக்கு ரகம் மாறுபடும் சில இடங்களைப் படித்து, கம்ப்யூட்டரில் ஒப்பிட்டு, யார் யாருக்கு நெருங்கிய சொந்தம் என்று வம்சாவளிப் படம் வரைந்தால் போதும். சாதாரண மேசைக் கம்ப்யூட்டரே அதற்குப் போதும். வெளிமாநில ரகம் கொடைக்கானல் பெயரில் வந்தால் இந்த வழியில் பிடிக்க வாய்ப்பு உண்டு.

ஆனால், பூண்டி வயலிலிருந்து எடுத்த ஒரு மூட்டை விதைப்பூண்டை யாராவது சமவெளிக்குக் கொண்டுபோய் ஊன்றி, விளைந்ததை மலைப்பூண்டு என்று விற்றால்? டி.என்.ஏ இரண்டிலும் ஒன்றுதான். சோதனைக் குழாய் கையை விரித்துவிடும்.

அப்படியானால் மலை என்ன செய்கிறது? பூண்டை நசுக்கும்வரை அந்தக் காரமான வாசனை இருப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அல்லின் என்ற பொருள் ஒரு பக்கம், அல்லினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கம் என்று செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கும். நசுக்கியதும் சுவர் உடைந்து இரண்டும் கலந்து, அல்லிசின் பிறக்கும். அதுதான் வாசனை. இந்த மாதிரியான கந்தகப் பொருள்கள் அதிகம் என்பது கொடைக்கானல் பூண்டின் சிறப்புகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அவற்றைச் செய்யும் மரபணுக்கள் எல்லாப் பூண்டிலும் உண்டு. குளிர், மண், பகல் நேரத்தின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்து எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பது மாறும். எழுத்து ஒன்றுதான், உரக்கப் படிக்கப்படும் வரிதான் வேறு.

எந்த வரி உரக்கப் படிக்கப்படுகிறது என்று தெரிய, வயலில் பச்சையாக நிற்கும் செடியிலிருந்து ஆர்.என்.ஏ எடுத்து, கோடிக்கணக்கான துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டும் 57,561 மரபணுக்களில் எதைச் சேர்ந்தது என்று எண்ண வேண்டும். மலையில் நட்டதையும் சமவெளியில் நட்டதையும் ஒப்பிட வேண்டும். இதற்குத்தான் நிஜமான கம்ப்யூட்டர் பலம் வேண்டும். கடைப் பூண்டுக்கு இந்தச் சோதனை உதவாது. ஆனால், 'இந்த மலையில் விளைந்தால்தான் இந்தக் குணம்' என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான ஆதாரம் கிடைப்பது கஷ்டம். புவிசார் குறியீட்டின் அடிப்படையே அந்த வாதம்தானே!

விதைக்குள் ஒளிந்திருக்கும் விருந்தாளி

மேல்மலை விவசாயிக்குப் போலியைப் பிடிப்பதைவிட அவசரமான ஒரு தேவை இருக்கிறது. அது நல்ல விதை.

பல்லை ஊன்றியே வளர்ப்பதில் ஒரு ஆபத்து. ஒரு தடவை செடிக்குள் வைரஸ் நுழைந்தால், அடுத்த தலைமுறைக்கும் அப்படியே போகும். வெங்காய மஞ்சள் குட்டை வைரஸ் போன்றவை இப்படித்தான் போகத்துக்குப் போகம் சேர்ந்துகொண்டே வரும். செடி சாகாது. இலையில் மஞ்சள் கோடு, பூண்டு கொஞ்சம் சிறுத்தது, எடை கொஞ்சம் குறைந்தது என்றுதான் தெரியும். 'மண்ணு செத்துப்போச்சு' என்று உரத்தைக் கூட்டுவார்கள். குற்றவாளி விதைக்குள்ளேயே இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய ஆர்.டி.பி.சி.ஆர் நினைவிருக்கிறதா? அதே சோதனைதான் இங்கேயும். கொரோனா வைரஸின் சுமார் 30,000 எழுத்துகளும் 2020 ஜனவரியில் பொதுவில் வெளியானதால்தான் உலகம் முழுக்கச் சோதனைகளை அவ்வளவு வேகமாக உருவாக்க முடிந்தது. இந்தப் பூண்டு வைரஸுக்கு சுமார் 10,000 எழுத்துதான். அதில் மாறாத ஒரு சின்னப் பகுதியைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, அதற்குப் பொருத்தமான டி.என்.ஏ துணுக்கை வடிவமைத்தால் சோதனை தயார். அந்தத் துணுக்கு பூண்டின் சொந்த எழுத்துகளோடு ஒட்டிவிடாதா என்று சரிபார்க்கவும் கம்ப்யூட்டர்தான் வேண்டும். சரிபார்க்காமல் விட்டால் நோயில்லாத விதையையும் நோய் என்று சொல்லிவிடும். வைரஸ் இல்லாத செடியைத் திசு வளர்ப்பு முறையில் நுனிக் குருத்திலிருந்து வளர்த்தெடுக்கலாம். அது சுத்தமாகத்தான் வந்திருக்கிறதா என்று உறுதிசெய்வதும் இதே சோதனைதான்.

இதில் காலக்கெடு ஒன்று உண்டு. அறுவடை முடிந்து புகையில் தொங்கும் பூண்டை அடுத்த போகத்துக்கு ஊன்றும்வரை இருப்பது சில வாரங்கள், அதிகம் போனால் சில மாதங்கள். மாதிரி எடுத்து, மலையிறக்கி, ஆய்வகத்தில் சோதித்து, கம்ப்யூட்டர் வரிசையில் காத்திருந்து, முடிவு பூண்டிக்குத் திரும்புவதெல்லாம் அதற்குள் நடக்க வேண்டும். நடவு முடிந்த பிறகு வரும் அறிக்கையை விவசாயி என்ன செய்வார்? மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அடுத்த நான்கு மாதத்துக்கு வயலில் இருக்கப்போவது எது என்று அதற்குள் முடிவாகியிருக்கும்.